தமிழ் உரைக் கருவித்தொகுப்புக்கு எந்த உரிமம்: எம்ஐடி, அப்பாச்சி, எல்ஜிபிஎல், எம்பிஎல்?

எழுத்தாணி (கேள்வி):

வணக்கம். சி++17-இல் எழுதிய தமிழ் உரைக் கருவித்தொகுப்பு ஒன்று எட்டு மாதமாகக் கிட்ஹப்பில் உரிமம் இல்லாமலே கிடக்கிறது. 0.3 வெளியீட்டோடு உரிமம் போட்டாக வேண்டும். உள்ளே இருப்பவை:

மைய நிரல் சுமார் 9,000 வரி. எழுத்துப் பிரிப்பு, சந்தி சரிபார்ப்பு, வேர்ச்சொல் பிரிப்பு, எழுத்துப்பிழைப் பரிந்துரை. பாதிக்கு மேல் டெம்ப்ளேட் (பயன்படுத்தும் இடத்தில் விரியும் நிரல் அச்சு), அதனால் பிற நிரல்கள் உள்ளிழுக்கும் ஹெடர் கோப்புகளிலேயே இருக்கிறது. பைதானிலிருந்து அழைப்பதற்கான பைண்டிங், பைபைண்ட்11 என்ற லைப்ரரி வழியாக. ஆண்ட்ராய்டுக்காக அதன் என்டிகே கருவியில் கம்பைல் செய்த ஒரு .எஸ்ஓ (பகிர்வு லைப்ரரி) கோப்பு.

சொற்பட்டியல் இரண்டு. ஒன்று, தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்த 60,000 தலைச்சொற்கள், சொல்வகைக் குறிப்போடு. இன்னொன்று, செய்தித் தளங்களின் உரையிலிருந்து கணக்கிட்ட 2 லட்சம் சொற்களின் நிகழ்வெண், அதாவது எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை.

வேர்ச்சொல் பிரிப்பி மட்டும் ஒரு பழைய ஜாவா நிரலைப் பார்த்து சி++-க்கு மாற்றியது. அந்த மூலம் ஜிபிஎல், அதாவது சேர்த்து வெளியிடும் நிரல் முழுவதையும் அதே உரிமத்தில் திறக்கச் சொல்லும் உரிமம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்களிலிருந்து அப்படியே எடுத்த இரண்டு ஃபங்ஷன்களும் உண்டு. பங்களித்தவர்கள் 4 பேர், அதில் இருவர் மென்பொருள் நிறுவன ஊழியர்கள்.

லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரித் திட்டங்கள் தடையில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். விசைப்பலகைச் செயலி செய்யும் நிறுவனங்களும் எடுக்கலாம். ஆனால் சந்தி விதிகளை யாராவது மேம்படுத்தினால் அது எல்லாருக்கும் திரும்ப வர வேண்டும். ஏறக்குறைய நிபந்தனையே இல்லாத எம்ஐடி போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள் சிலர், ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் என்கிறார்கள் சிலர். எதைப் போடுவது?


பனைமரத்தடி:

உரிமத்தைத் தேர்ந்தெடுக்க உட்காரும் முன் சரக்குக் கணக்கெடுப்பு. உங்கள் தொகுப்பில் இருக்கும் பிறர் நிரல்தான் பாதி முடிவை எடுத்துவிடும்.

முதலில் இன்றைய நிலை. உரிமம் இல்லாத ரெப்போ என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பொருள் இல்லை, நேர்மாறு. பதிப்புரிமை முழுக்க உங்கள் நால்வரிடம் இருக்கிறது. கிட்ஹப்பின் விதிப்படி மற்றவர்கள் அங்கேயே பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம், அவ்வளவுதான். அந்த எட்டு மாதத்தில் யாராவது எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அவர்களுக்கு எந்த அனுமதியும் கிடைத்திருக்கவில்லை.

அடுத்தது அந்த வேர்ச்சொல் பிரிப்பி. ஜாவாவிலிருந்து சி++-க்கு மாற்றினாலும் அது மொழிபெயர்ப்புதான், மூலத்தின் வழிவந்த படைப்புதான். மாறியின் பெயர்களை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். விகுதிப் பட்டியலின் வரிசை, எந்த நிலையில் எதை வெட்டுவது என்ற கட்டமைப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவை. அது உள்ளே இருக்கும்வரை உங்கள் .எஸ்ஓ கோப்பு முழுவதையும் ஜிபிஎல்லின் கீழ்தான் வெளியிட முடியும். மற்ற கோப்புகளில் எம்ஐடி என்று எழுதியிருந்தாலும் சேர்த்துக் கம்பைல் செய்த பொருளுக்கு ஜிபிஎல்தான்.

எந்த ஜிபிஎல் என்று பாருங்கள். "பதிப்பு 2 மட்டும்" என்றிருந்தால் அப்பாச்சி 2.0 நிரலோடு சேர்த்து வெளியிடவே முடியாது. அப்பாச்சியின் பேட்டன்ட் நிபந்தனைகளை ஜிபிஎல் 2 கூடுதல் கட்டுப்பாடாகப் பார்க்கிறது. "பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது" என்றிருந்தால் ஜிபிஎல் 3-க்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மொத்தமும் ஜிபிஎல் 3 ஆகிவிடும். ஒரு நிறுவனம் தன் மூடிய விசைப்பலகைச் செயலிக்குள் அதை வைக்காது.

தப்பிக்க மூன்று வழி. மூல ஆசிரியரிடம் எழுதிக் கேட்டு வேறு உரிமத்தில் வாங்குவது. அந்த நிரலைப் பார்த்தே இராத ஒருவர் இலக்கண விதிகளிலிருந்து புதிதாக எழுதுவது. இல்லையென்றால் ஸ்னோபால் தொகுப்பில் இருக்கும் தமிழ் ஸ்டெம்மரை எடுப்பது. ஸ்னோபால் 3 நிபந்தனை பிஎஸ்டி, உங்கள் பக்கம் எந்த உரிமம் வைத்தாலும் இடிக்காது. விகுதிகளை முரட்டுத்தனமாக வெட்டும், தேடல் குறியீட்டுக்குப் போதும். அகராதித் தரத்தில் வேர்ச்சொல் வேண்டுமென்றால் போதாது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ துண்டுகளை இன்றே எடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும் பதில்கள் சிசி பை-எஸ்ஏ, அதாவது பெயர் குறிப்பிட்டு, மாற்றியதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2011 ஏப்ரலுக்கு முந்தையவை பதிப்பு 2.5, அதன்பின் 2018 மே தொடக்கம் வரை 3.0, பிறகு 4.0. இதில் 4.0 மட்டுமே ஜிபிஎல் 3-க்குள் போகலாம், அதுவும் ஒருவழிப் பாதை. மற்ற எதோடும் ஒட்டாது. இரண்டு ஃபங்ஷன் என்றால் அரை மணி நேர வேலை, புதிதாக எழுதிவிடுங்கள்.

இவை போக இன்னும் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஸ்கேன்கோட் டூல்கிட்டை ரெப்போவின் மேல் ஓட்டுங்கள். எங்கிருந்தோ ஒட்டிய கோப்பின் மேலே இருக்கும் பழைய பதிப்புரிமை வரியைக் கூடக் காட்டிக்கொடுக்கும். பைபைண்ட்11 பிஎஸ்டி வகை, கவலை இல்லை. ஆனால் வீல் கோப்பில் (பைதான் நிறுவல் தொகுப்பு) அதன் உரிம உரையும் போக வேண்டும், பலரும் மறப்பது அதைத்தான்.


ஹெடர்_மட்டும்:

பனைமரத்தடி சொன்னது சரி. அந்தக் கணக்கு முடிந்தபின் உங்கள் கேள்விக்கு வருகிறேன்: உங்கள் தொகுப்புக்கு எல்ஜிபிஎல் பொருந்தாது, காரணம் அந்த டெம்ப்ளேட்கள்.

எல்ஜிபிஎல் 1990-களின் சி லைப்ரரியை மனத்தில் வைத்து எழுதியது. செயலி ஒரு பக்கம், லைப்ரரி தனி .எஸ்ஓ கோப்பாக ஒரு பக்கம், பயனர் லைப்ரரியை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. சி++ டெம்ப்ளேட்டில் அந்தப் பிரிவே கிடையாது. உங்கள் சந்தி.எச்பிபி-யை இன்க்ளூட் செய்த மறுநொடி அதன் நிரல் பயன்படுத்துபவரின் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் விரிந்துவிடுகிறது. எல்ஜிபிஎல் 2.1-இன் 5-ஆம் பிரிவு ஹெடரிலிருந்து வரும் சின்ன மேக்ரோக்களையும் 10 வரிக்குள் அடங்கும் இன்லைன் ஃபங்ஷன்களையும் மட்டுமே விட்டுவைக்கிறது. 200 வரி டெம்ப்ளேட் அதில் அடங்காது. உடனே 6-ஆம் பிரிவு பாயும்: மறுபடி லிங்க் செய்துகொள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடு, பிழைதிருத்தத்துக்காகப் பின்னோக்கிப் பிரித்துப் பார்ப்பதைத் தடை செய்யாதே. எல்ஜிபிஎல் 3 தன் 3-ஆம் பிரிவில் ஹெடர் விஷயத்தைத் தளர்த்தியிருக்கிறது, அறிவிப்பும் உரிம நகலும் கொடுத்தால் போதும் என்கிறது. ஆனாலும் டெம்ப்ளேட் விரிவு அந்தப் பிரிவில் அடங்குமா என்று ஒவ்வொரு நிறுவனத்தின் வக்கீலும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருக்கும்.

இதே இடத்தில் நின்ற திட்டம் ஐகன், நேரியல் இயற்கணிதத்துக்கான சி++ டெம்ப்ளேட் லைப்ரரி. எல்ஜிபிஎல்லில் இருந்தது, 2012-இல் 3.1.1 பதிப்பிலிருந்து மொசில்லாவின் எம்பிஎல் 2.0 உரிமத்துக்கு மாறியது. உங்கள் தொகுப்பின் உடற்கூறும் ஐகனுடையதைப் போலத்தான். அதே முடிவைத்தான் நானும் சொல்வேன்: எம்பிஎல் 2.0.

எம்பிஎல் லிங்க் செய்வது, ஸ்டாட்டிக், டைனமிக் எதையும் கேட்பதில்லை. அதன் அளவுகோல் கோப்பு. உங்கள் கோப்பில் யாராவது கைவைத்து, அதைச் சேர்த்த செயலியை வெளியே விநியோகித்தால், அந்தக் கோப்பின் மாற்றிய மூலத்தை எம்பிஎல்லில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய கோப்புகள் அவர்களுடையவை.

கண்ணெதிரே வைத்துப் பார்ப்போம். சந்தி.எச்பிபி-யில் "அந்த" + "பையன்" என்றால் "அந்தப் பையன்" என்று ஒற்று மிகவைக்கும் விதி இருக்கிறது. ஒரு விசைப்பலகை நிறுவனம் அதே கோப்பில் வல்லினம் மிகா இடங்களுக்கு 40 விதி சேர்த்துச் செயலியை வெளியிடுகிறது. அந்த 40 விதியும் திறந்தாக வேண்டும். உங்கள் விதிகளில் பாதியை வெட்டிப் புதிய கோப்பில் ஒட்டினாலும் அந்தப் புதிய கோப்பு எம்பிஎல்லின் கீழ்தான், அதன் 1.10 பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அவர்கள் உங்கள் வரி ஒன்றைக்கூட நகலெடுக்காமல் கூடுதல்_சந்தி.எச்பிபி என்று தனிக் கோப்பு எழுதி, உங்கள் கிளாஸைக் கூப்பிட்டு மட்டும் பயன்படுத்தினால் அதை மூடியே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே எந்த உரிமம் என்பதோடு கோப்பு அமைப்பும் முக்கியம். விதிகள் திரும்பி வர வேண்டும் என்றால் விதி அட்டவணையை மையக் கோப்புக்குள்ளேயே வையுங்கள், வெளியிலிருந்து செருகும் பிளக்இன் வழியாக அல்ல. வெளியே செருக வசதி கொடுத்த இடத்தில் எம்பிஎல் உங்களுக்கு எதையும் மீட்டுத் தராது.

ஃபயர்ஃபாக்ஸ் எம்பிஎல் 2.0. லிப்ரெஆஃபிஸும் எம்பிஎல் 2.0. நீங்கள் பெயர் சொன்ன இரண்டு இடத்துக்கும் அப்படியே போகும். ஜிபிஎல் 2 அல்லது பிந்தையது, எல்ஜிபிஎல் 2.1 அல்லது பிந்தையது, ஏஜிபிஎல் 3 அல்லது பிந்தையது ஆகிய திட்டங்களும் 3.3 பிரிவின்படி சேர்த்துக்கொள்ளலாம்.


கடைசி_கமிட்:

எம்பிஎல் நல்ல தேர்வுதான், ஆனால் அப்பாச்சி 2.0-வின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

நிறுவனத்தின் ஏற்பு வேகத்தை மட்டும் பார்த்தால் அப்பாச்சி முன்னால் நிற்கும். பெரும்பாலான நிறுவனங்களில் அது ஏற்கெனவே அனுமதித்த பட்டியலில் இருக்கும். பேட்டன்ட் உரிமத்தை 3-ஆம் பிரிவில் வெளிப்படையாகத் தருகிறது, வழக்குப் போட்டால் அந்த உரிமம் போய்விடும். எம்ஐடியில் பேட்டன்ட் என்ற சொல்லே இல்லை. இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) கணினி நிரலை நிரல் என்ற அளவில் ஏற்பதில்லை என்பதால் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். உள்ளீட்டுக் கணிப்பு, தானியங்கித் திருத்தம் இவற்றிலெல்லாம் அமெரிக்கப் பேட்டன்ட்கள் உண்டு, செயலி அங்கேயும் இறங்கும். எம்ஐடி வேண்டாம் என்பதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் அப்பாச்சி போட்டுவிட்டு மேம்பாடு திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் கேள்வியின் கடைசி நிபந்தனை உண்மையிலேயே நிபந்தனையா, விருப்பமா? விருப்பம் என்றால் அப்பாச்சி. நிபந்தனை என்றால் எம்பிஎல். எம்பிஎல் 2.0-விலும் பேட்டன்ட் உரிமம் 2.1-இலும் 5.2-இலும் இருக்கிறது, அந்தப் பாதுகாப்பை நீங்கள் இழக்கப் போவதில்லை.

ஏஜிபிஎல் பற்றி யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். வலைச்சேவையாக ஓட்டினால் ஜிபிஎல், எம்பிஎல் எதுவும் மூலநிரலைக் கேட்காது, ஏஜிபிஎல்லின் 13-ஆம் பிரிவுதான் கேட்கும். அது தனியாக ஓடும் சர்வர் மென்பொருளுக்குப் பொருத்தம். பிறர் நிரலுக்குள் உட்காரப்போகும் கருவித்தொகுப்புக்குப் போட்டால் விசைப்பலகை, உலாவி, அலுவலகத் தொகுப்பு எல்லாரும் ஒரே நேரத்தில் விலகிப்போவார்கள்.


சொல்லடுக்கு:

எல்லாரும் நிரலையே பேசுகிறீர்கள். இந்தத் தொகுப்பில் சிக்கல் அதிகம் இருப்பது சொற்பட்டியலில்.

விக்சனரியின் உள்ளடக்கம் சிசி பை-எஸ்ஏ, 2023 ஜூன் முதல் 4.0. வெறும் சொற்களின் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வி நியாயமானது. உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் வெறும் உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறனும் தேர்வும் வேண்டும் என்றது. "மரகதம், மரபு, மரம்" என்று அகர வரிசையில் அடுக்கியதில் அது இருப்பதாகச் சொல்வது கடினம். ஆனால் நீங்கள் சொல்வகைக் குறிப்பையும் எடுத்திருக்கிறீர்கள், அது தொகுத்தவர்களின் தீர்ப்பு. ஐரோப்பாவில் இதற்கு மேல் தரவுத்தள உரிமை என்று தனியாக ஒன்று 15 ஆண்டுக்கு உண்டு. வாதாடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம், அந்தப் பட்டியலுக்கு சிசி பை-எஸ்ஏ 4.0 என்றே போடுங்கள். தமிழ் விக்சனரி என்று பெயர் சொல்லி, இணைப்புக் கொடுத்து, என்ன மாற்றம் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் கடமை முடிந்தது.

செய்யக் கூடாதது ஒன்று. அந்தப் பட்டியலைச் சி++ அரேயாக மாற்றி நிரலுக்குள் கம்பைல் செய்யாதீர்கள். வேகத்துக்காகப் பலர் அப்படிச் செய்கிறார்கள். தரவும் நிரலும் ஒரே பைனரியில் கலந்த பின், சிசி பை-எஸ்ஏ எங்கே முடிகிறது எம்பிஎல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் பிரிக்க முடியாது. தரவு என்று தனி அடைவு, ஓடும்போது திறந்து படிக்கும் கோப்பு, மெமரி மேப் செய்துகொண்டால் வேகமும் குறையாது. 60,000 சொல் என்பது சில மெகாபைட்தான்.

இன்னொன்று. சிசி உரிமங்கள் தரவின் மேல் தொழில்நுட்பப் பூட்டுப் போடுவதைத் தடுக்கின்றன. செயலிக் கடைகள் செயலியைப் பூட்டித்தான் விநியோகிக்கின்றன. விசைப்பலகை நிறுவனங்கள் இந்த இடத்தில் தயங்குவார்கள். ஆகவே செயலியோடு போகும் இயல்பான பட்டியலாக உங்கள் சொந்த நிகழ்வெண் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு பதிப்புரிமையை முழுதாக விட்டுக்கொடுக்கும் சிசி0. விக்சனரிப் பட்டியலைத் தனியாகப் பதிவிறக்கும் கூடுதல் தொகுப்பாக விடுங்கள்.

நிகழ்வெண் பட்டியலில் கவனிக்க வேண்டியது: "என்று என்பது இத்தனை முறை வந்தது" என்பது தகவல், அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. ஒற்றைச் சொல், இருசொல் தொடர் வரை நிறுத்துங்கள். ஐந்து சொல், ஆறு சொல் தொடர்களைச் சேர்த்தால் செய்தியின் வாக்கியங்கள் துண்டு துண்டாக உள்ளே வந்துவிடும். சோதனைக் கோப்புகளில் செய்தி வாக்கியங்கள் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மதுரைத் திட்ட மின்னூல்களிலிருந்து எடுத்த பகுதி இருந்தால், அவர்கள் கோப்பின் தலைப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்து விநியோகிக்கச் சொல்கிறார்கள். அதை அப்படியே வையுங்கள்.

நிரலுக்கு சிசி உரிமம் போடாதீர்கள், கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே வேண்டாம் என்கிறது. சிசி0-வையும் நிரலுக்கு வேண்டாம், பேட்டன்ட் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதன் உரையே சொல்கிறது, ஃபெடோரா லினக்ஸ் 2022-இல் அதனால்தான் நிரலுக்கு சிசி0-வை நிறுத்தியது. "வணிக நோக்கமற்ற" என்ற சொல் இருக்கும் எதுவும் எந்தக் கோப்பிலும் வரக் கூடாது. ஒரே ஒரு சொற்பட்டியலில் அது இருந்தாலும் டெபியன் லினக்ஸின் மெயின் பிரிவில் தொகுப்பு நுழையாது.


வரி_எண்_17:

பங்களிப்பாளர்கள் பக்கம் யாரும் வரவில்லையே.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி): வேலை ஒப்பந்தத்தின்கீழ் வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சொந்தக் கணினியில் எழுதியது அதில் வராது என்று நினைக்கலாம், ஆனால் பணி நியமனக் கடிதம் அதைவிட அகலமாக எழுதப்பட்டிருக்கும். அந்த இருவரும் தங்கள் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் ஆட்சேபனை இல்லை என்று வாங்கட்டும். ரெப்போவின் பெயர், உரிமத்தின் பெயர், இதுவரை போட்ட கமிட்களும் இனிப் போடுபவையும் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். "திறமூலத்துக்குப் பங்களிக்கலாம்" என்ற பொதுவான ஒரு வரி பின்னால் உதவாது.

உரிமம் போட நால்வரின் சம்மதமும் வேண்டும். இப்போது நால்வர், ஒரு இஷ்யூ திறந்து நால்வரும் "சம்மதம்" என்று எழுதினால் முடிந்தது. இதைத் தள்ளிப்போட்டால் என்னாகும் என்பதற்கு விஎல்சி காணொளிச் செயலி. 2011 ஜனவரியில் ஜிபிஎல் காரணமாக ஆப்பிள் செயலிக் கடையிலிருந்து நீங்கியது. பிறகு அதன் மைய லைப்ரரியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றப் பழைய பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. 2013 ஜூலையில்தான் எம்பிஎல் 2.0, ஜிபிஎல் 2 இரட்டை உரிமத்தோடு கடைக்குத் திரும்பியது.

இனி வருபவர்களுக்கு டிசிஓ 1.1 என்ற பங்களிப்பாளர் உறுதிமொழி போதும். கமிட் செய்யும்போது கையொப்பக் கொடியைச் சேர்த்தால் "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதி வரி செய்தியில் சேரும், லினக்ஸ் கெர்னல் 2004 முதல் இப்படித்தான். சிஎல்ஏ, அதாவது பங்களிப்பவர் திட்டத்தோடு செய்யும் உரிம ஒப்பந்தம், வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிஎல்ஏ எல்லா உரிமையையும் ஒரே கையில் குவிக்கிறது. டெராஃபார்ம் என்ற மென்பொருள் எம்பிஎல் 2.0-வில்தான் இருந்தது, 2023 ஆகஸ்டில் அதைத் திறமூலமல்லாத பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்ற முடிந்தது அந்தக் குவிப்பால்தான். ஓபன்டோஃபு என்ற கிளை பழைய எம்பிஎல் நிரலிலிருந்து பிறந்தது. உரிமை நாலு பேரிடமும் நாற்பது பேரிடமும் பரவி இருப்பதே பயனருக்குக் காவல்.

கடைசியாக ஒன்று, இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. பிரிவு 19(5): காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு என்று கொள்ளப்படும். 19(6): பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். 30ஏ இதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அப்பாச்சி 2.0 "நிரந்தரம், உலகளாவியது" என்று சொல்லிவிடுகிறது. ஜிபிஎல் 3 பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் என்கிறது. எம்ஐடியில் காலமும் இல்லை, பரப்பும் இல்லை. எம்பிஎல் 2.0 உலகளாவியது என்கிறது, காலத்தைச் சொல்வதில்லை. உரிம உரையைத் தொடாமல், பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்: "என் பங்களிப்பை எம்பிஎல் 2.0-வின்கீழ், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும் தருகிறேன்." நால்வரும் சம்மதம் எழுதும் அதே இஷ்யூவில் இந்த வாக்கியத்தையும் ஒட்டுங்கள்.


எழுத்தாணி:

எல்லாருக்கும் நன்றி. மேம்பாடு திரும்பி வருவது எங்களுக்கு நிபந்தனைதான், ஆகவே நிரலுக்கு எம்பிஎல் 2.0. விக்சனரிப் பட்டியல் சிசி பை-எஸ்ஏ 4.0, நிகழ்வெண் சிசி0. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ துண்டுகளை எடுத்தாயிற்று. சோதனைக் கோப்பில் சொல்லடுக்கு சொன்னபடியே 300 செய்தி வாக்கியங்கள் இருந்தன, அவற்றையும் நீக்கிவிட்டோம்.

இரண்டு கேள்வி. எந்தக் கோப்பில் என்ன எழுதுவது? அந்த ஜாவா மூலத்தைத் திறந்து பார்த்தால் கோப்பின் தலையில் "இது ஜிபிஎல்லின் கீழ் வெளியிடப்படுகிறது" என்று மட்டும் இருக்கிறது, பதிப்பு எண் எங்குமே இல்லை. அதை என்ன செய்வது?


ஹெடர்_மட்டும்:

முதல் கேள்விக்கு: ரெப்போவின் வேரில் எம்பிஎல் 2.0 முழு உரை, ஒரு எழுத்தும் மாற்றாமல், லைசென்ஸ் என்ற பெயரில். கிட்ஹப் அதைப் படித்துத்தான் பக்கத்தில் உரிமப் பெயரைக் காட்டும், முன்னால் நீங்கள் இரண்டு வரி சேர்த்தால்கூட அடையாளம் தெரியாமல் போகலாம். பிறகு லைசென்சஸ் என்று ஒரு அடைவு, அதில் நீங்கள் பயன்படுத்தும் மூன்று உரிமங்களின் உரையும் அவற்றின் எஸ்பிடிஎக்ஸ் (உரிமங்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) பெயரில் தனித்தனிக் கோப்பாக.

ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் இரண்டு வரி: ஆண்டோடு பதிப்புரிமையாளர், கீழே எஸ்பிடிஎக்ஸ் உரிம அடையாளம். பதிப்புரிமையாளர் இடத்தில் "இன்ன தொகுப்பின் பங்களிப்பாளர்கள்" என்று எழுதலாம். சிஎஸ்வி மாதிரி கமென்ட் எழுத முடியாத கோப்புகளுக்கு ரியூஸ்.டோமல் என்ற ஒரே கோப்பில் அடைவு வாரியாக எழுதிவிடுங்கள். ரியூஸ் கருவியின் லின்ட் கட்டளையைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்தால் உரிம வரி இல்லாத கோப்பு ஒன்று நுழைந்தாலும் சிவப்பு விளக்கு எரியும்.

எம்பிஎல்லில் ஒரு பொறி உண்டு. உரையின் கடைசியில் பின்னிணைப்பு ஏ, பின்னிணைப்பு பி என்று இரண்டு இருக்கும். ஏ சாதாரணத் தலைப்பு. பி "இரண்டாம்நிலை உரிமங்களோடு ஒவ்வாதது" என்று அறிவிப்பது. அதை ஏதோ மாதிரி என்று நினைத்து மூலக் கோப்பில் ஒட்டிவிட்டால் ஜிபிஎல் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தியதாகிவிடும். உரிமக் கோப்பில் அது இருக்கட்டும், மூலக் கோப்பில் வரவே கூடாது.

பைதான் தொகுப்பின் பைப்ராஜெக்ட் கோப்பில் உரிமப் புலத்துக்கு மூன்று எஸ்பிடிஎக்ஸ் பெயர்களையும் "அண்டு" போட்டு இணைத்து எழுதுங்கள். விக்சனரிப் பட்டியல் தனித் தொகுப்பாகப் போனால் இதில் இரண்டுதான். வீல் கட்டியதும் அதை ஜிப் போலப் பிரித்து, உங்கள் உரிமமும் பைபைண்ட்11-இன் பிஎஸ்டி உரையும் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆண்ட்ராய்டில் சேர்ப்பவர்களுக்கு ரீட்மீயில் ஒரு வரி: 3.2 பிரிவின்படி மூலநிரல் எங்கே கிடைக்கும் என்று செயலியின் "பற்றி" திரையில் சொல்ல வேண்டும். கோப்புகளை மாற்றாதவர்கள் உங்கள் வெளியீட்டின் இணைப்பையே கொடுக்கலாம், ஆனால் அந்த மூலம் அங்கே தொடர்ந்து கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.


பனைமரத்தடி:

இரண்டாம் கேள்விக்கு. பதிப்பு எண் சொல்லாதது உங்களுக்குச் சாதகம். ஜிபிஎல் 2-இன் 9-ஆம் பிரிவு, நிரல் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாவிட்டால் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வெளியிட்ட எந்தப் பதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ரீட்மீ, பில்ட் கோப்பு, வெளியீட்டுப் பக்கம் எங்கேயும் எண் இல்லை என்பதை ஒருமுறை உறுதிசெய்து, அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அது எம்பிஎல் ஆகிவிடாது, ஜிபிஎல் ஜிபிஎல்தான். ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். வேர்ச்சொல் பிரிப்பிக்கு மையத்தில் ஒரு வெறும் இடைமுகத்தை வையுங்கள், எம்பிஎல்லில், அந்த ஜாவா நிரலின் சாயல் இல்லாமல் நீங்களே வடிவமைத்தது. அதன் பின்னால் இயல்பாக ஸ்னோபால். மாற்றி எழுதிய பிரிப்பியை வேறு ரெப்போவுக்கு நகர்த்தி, ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது என்று உரிமம் போட்டு, மூல ஆசிரியரின் பதிப்புரிமை வரியையும், "ஜாவாவிலிருந்து சி++-க்கு மாற்றப்பட்டது" என்ற குறிப்பையும் தேதியோடு தலையில் வையுங்கள். பைதான் தொகுப்பும் தனிப் பெயரில். அதை நிறுவிச் சேர்த்து விநியோகிப்பவருக்கு மொத்தமும் ஜிபிஎல் ஆகும், எம்பிஎல் அதை அனுமதிக்கிறது. நிறுவாதவருக்கு அது இல்லவே இல்லை. நிரலைக் கட்டும் கருவியான சிமேக்கில் அதற்கான தேர்வு இயல்பாக அணைந்தே இருக்க வேண்டும். தவறி ஆன் ஆகி வீல் கட்டிவிட்டால் பைதான் தொகுப்புக் களஞ்சியமான பைபிஐ-யில் எம்பிஎல் என்ற பெயரில் ஜிபிஎல் பைனரி போய்விடும். பைபிஐ-க்கு ஏற்றும் முன் வீலில் அந்தப் பிரிப்பியின் சிம்பல் இருக்கிறதா என்று என்எம் கட்டளையால் தேடி, இருந்தால் வெளியீட்டை நிறுத்தும் ஒரு படியைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

கிட் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. 0.3-க்கு முந்தைய கமிட்களில் அந்தக் கோப்பு இருக்கிறது, அது ஜிபிஎல்லுக்கு உட்பட்டது, மற்ற கோப்புகளுக்கு எம்பிஎல் 0.3 முதல் என்று ரீட்மீயில் மூன்று வரி எழுதினால் போதும்.